திறந்த வன்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ராஸ்பெரி பை 4 திறந்த வன்பொருள்தானே?

பதில்: இல்லை. யாரும் படித்து, மாற்றி, செய்து, விற்கும்படி வடிவமைப்பின் மூலத்தை வெளியிட்டால்தான் அது திறந்த வன்பொருள். இந்தச் சிறு கணினியில் ஓடும் லினக்ஸ் திறந்த மூலம்; பலகை அப்படியன்று. சுருக்கிய மின்சுற்றுப் படத்தை மட்டுமே வெளியிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையை நாங்களே செய்து விற்கலாமா?

பதில்: தாராளமாக விற்கலாம். ஆனால் அர்டுயினோ என்ற பெயரும் சின்னமும் வணிகக்குறிகள். அவற்றை உங்கள் பலகையில் அச்சிடக் கூடாது. வடிவமைப்பை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். உரிமக் கோப்பை முதலில் படியுங்கள்.

கேள்வி: மண் ஈரமானிப் பலகையின் ஜெர்பர் கோப்புகளை, வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையுடன் எங்கள் கல்லூரிக் குழு வெளியிட்டுள்ளது. இதைத் திறந்த வன்பொருள் என்று அறிவிக்கலாமா?

பதில்: அறிவிக்கக் கூடாது. வணிகத்துக்குத் தடை போட்ட மறுகணமே அது திறந்த வன்பொருளின் வரையறைக்கு வெளியே போய்விடுகிறது. அதைவிட என்னை வருத்துவது ஜெர்பர் விஷயம்தான். திருத்துவதற்கு ஏற்ற மூலக் கோப்பைத் தர வேண்டும் என்று வரையறை தெளிவாகச் சொல்கிறது. ஜெர்பரோ பலகையை அச்சடிப்பவருக்கான செப்புப் படம் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கிடைத்த ஒரு பலகையைச் செய்ய முனைந்தபோது, அதிலிருந்த 3.3 வோல்ட் ரெகுலேட்டர் சந்தையில் தீர்ந்துபோயிருந்தது. மாற்றாகக் கிடைத்ததில் கால்களின் வரிசை வேறாக இருந்தது. பலகை வரையும் மென்பொருளான கீகேட்டின் மூலக் கோப்பு இருந்திருந்தால் இரண்டு தடங்களை நகர்த்த அரை மணி நேரம் போதும். அது இல்லாததால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தடமாகப் பின்தொடர்ந்து, பலகை முழுவதையும் மறுபடி வரைய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. எனவே கீகேட் கோப்பையும் உதிரிப் பட்டியலையும் சேர்த்து வெளியிடுங்கள். உங்கள் உழைப்பைப் பிறர் மூடி வைத்துக்கொள்வார்களோ என்பதுதான் கவலையென்றால், செர்ன் ஆய்வகம் 2020இல் வெளியிட்ட வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில், மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் மூலத்தைத் தர வேண்டும் என்று கோரும் எஸ் வகை அதற்காகவே இருக்கிறது.

கேள்வி: ஓப்பன் எனர்ஜி மானிட்டர் என்ற திறந்த வன்பொருள் திட்டத்தின் முறையில் மின் அளவி கட்டினேன். எப்போதும் பூச்சியத்தையே காட்டுகிறது. ஏன்?

பதில்: எந்த உணரி, எந்தப் பலகை, எங்கே மாட்டினீர்கள் என்று எதையும் எழுதாமல் ஏன் என்று மட்டும் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். ஒயரைக் கவ்வும் உணரியால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் ஒயரை மட்டும் கவ்வ வையுங்கள். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ரிஸ்க்-ஃபைவ் என்று இருந்தாலே சிப் முழுவதும் திறந்ததா?

பதில்: இல்லை. அது 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுப்பு மட்டுமே; சிப்பின் வடிவமைப்பு அன்று. அதை வைத்து மூடிய சிப்பும் செய்யலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிக்கு வடிவமைப்பு மூலமே பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. மற்றவற்றுக்கு, மீண்டும் சொல்கிறேன், உரிமக் கோப்பை முதலில் படியுங்கள்.