மலைக்கிராமத்துக்குத் தடுப்பூசி குறைவாக வந்தால் யாருக்கு முதலில் போடுவது?

ஏற்காட்டை அடுத்த ஒரு மலைக்கிராமத்தில் எல்லோருக்கும் போதாத அளவு தடுப்பூசி வந்தால், முதலில் வருபவருக்கே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அப்படி விட்டால் சாலையோரம் குடியிருப்பவர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் முந்திக்கொள்வார்கள். காப்பித் தோட்டத்துக்குத் தினக்கூலிக்குப் போகிறவர்களும் நடக்க இயலாத முதியவர்களும் விடுபட்டுப் போவார்கள்.

வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது நோயின் தன்மை. கொரோனாவில் உயிரிழக்கும் ஆபத்து வயதோடு கூடியதால், 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களிடம் தொடங்கிய தடுப்பூசிப் பணி, மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், இணைநோயுள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தட்டம்மை என்றால் குழந்தைகளே முதலில். நாய்க்கடிக்கு வரிசையே கிடையாது; கடிபட்டவருக்கு அன்றைக்கே போட்டாக வேண்டும்.

மலையில் பலர் கவனிக்கத் தவறுவது குப்பியின் கணக்கு. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்தாக வேண்டும். எனவே கிராம சுகாதார செவிலியர் முந்தைய நாளே வீடுவாரியாகப் பெயர்களை எழுதி, வராதவர்களுக்குப் பதிலாக யாரை அழைப்பது என்பதையும் குறித்துவைத்து, போதிய ஆட்கள் கூடிய பிறகே குப்பியைத் திறப்பது நல்லது. எந்த அடிப்படையில் வரிசை அமைந்தது என்பதை ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டினால் சந்தேகமும் சண்டையும் குறையும். ஆனால் யாருக்கு என்ன நோய் என்பதை ஒருபோதும் ஒட்டக் கூடாது. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு, பனிக்கட்டிப் பொதிகள் வைத்த குளிர்பெட்டியுடன் செவிலியரே செல்ல வேண்டும். அவர்களின் பங்கை அதற்கு முன்பே தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.