மதியத்தில் கணக்கு தப்புவது ஏன்?

கேள்வி: வேலூரில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள வீட்டில் வசிக்கிறேன். மே மாதம் சி.ஏ. இன்டர் தேர்வு எழுத வேண்டும். இரவு ஒரு மணி வரை புழுக்கத்தில் தூக்கம் வராததால் அந்த நேரத்திலும் படித்துவிட்டு, இரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறேன். சோர்வு பழகிவிட்டது. ஆனால் பிற்பகலில் கணக்குப் போடும்போது 69-ஐ 96 என்று எழுதுகிறேன். சில சமயம் ஒரு வரியே விட்டுப்போகிறது. காரணம் வெயிலா, தூக்கக் குறைவா? ஏ.சி. வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கணக்குப் பிழை அன்று, "சோர்வு பழகிவிட்டது" என்ற வரிதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் இரண்டு இரவு வரை கண் விழித்தவர்களின் நிலையை எட்டியது. ஆனால் "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்று கேட்டபோது அவர்கள் சொன்ன அளவு முதல் சில நாள்களுக்குப் பிறகு பெரிதாக ஏறவில்லை. பழகுவது உணர்வு மட்டுமே. மூளையின் வேலை பழகுவதில்லை. நீங்கள் தூங்குவது நாலரை மணி நேரம்.

வெயிலா, தூக்கமா என்ற கேள்விக்கு, இரண்டும் என்பதே விடை; ஆனால் இரண்டும் ஒரே மாதிரிக் கெடுப்பதில்லை. ஆர்.டி. பெப்ளர் என்ற ஆய்வாளர் 1959-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெக்கையில் வேலை செய்பவர் வேலையை நிறுத்துவதில்லை, துல்லியம்தான் குறைகிறது. தூக்கம் கெட்டவரிடம் வேலைக்கு நடுவே இடைவெளிகள் விழுகின்றன. அந்த இடைவெளிகளில் கண் திறந்திருந்தாலும் மூளை சில விநாடிகள் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. இதை மட்டும் வைத்துக் காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், 69 தலைகீழாவதை வெக்கையின் பக்கமும், வரி விட்டுப்போவதைத் தூக்கக் குறைவின் பக்கமும் வைத்துப் பார்ப்பேன்.

வெயிலின் தீமை பகலோடு முடிவதுமில்லை. 2016 கோடையில் பாஸ்டன் நகரில் 44 மாணவர்களைப் பன்னிரண்டு நாள் சோதித்தார்கள். சிலருடைய விடுதியில் ஏ.சி. இருந்தது, சிலருடைய விடுதியில் இல்லை. தேர்வு வைத்தது காலையில் கண் விழித்தவுடன். அப்போதே ஏ.சி. இல்லாதவர்கள் விடை சொல்லச் சுமார் 13 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்தார்கள். அங்கே 'சூடான' அறை என்பது சராசரியாக 26 டிகிரிதான். அது நமக்கு மார்கழி மாதத்துச் சுகம். ஆகவே எண்ணை விட்டுவிட்டு, வெளியே வெப்பம் தணிந்த பிறகும் கட்டடம் சூட்டைப் பிடித்து வைத்திருந்ததை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். தூக்கம் வர உடலின் உள்வெப்பம் சுமார் ஒரு டிகிரி இறங்க வேண்டும். அதற்காகவே இரவில் கை, கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியேற்றுகின்றன. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே சூட்டை இறக்குகிறது. உடலால் சூட்டை விட முடியாதபோது தூக்கம் தள்ளிப்போவதோடு, ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைகின்றன. படித்தது நினைவில் பதிவது பெரும்பாலும் இவற்றில்தான்.

எனவே செலவழிக்க இருக்கும் பணத்தை முதலில் தளத்தின் மேல் செலவிடுங்கள். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் மாடித் தரைக்குச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது நல்ல பலன் தரும். பொழுது சாய்ந்ததும் துணி துவைத்த தண்ணீரை அங்கே ஊற்றலாம். பகலில் சன்னலைச் சாத்தித் திரை போட்டு, வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகு திறக்க வேண்டும். வேலூரின் வறண்ட வெயிலுக்கு ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், ஆனால் சன்னல் திறந்திருக்க வேண்டும். சென்னையின் கடலோர ஈரக் காற்றில் அதே கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். பஞ்சு மெத்தையைவிடப் பாய் மேல். மாடியில் படுக்க முடியுமானால், கீழிருந்தும் காற்று வரும் கயிற்றுக் கட்டிலும் கொசு வலையும் போதும். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு குளியுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பது ஆய்வில் தெரிந்ததே. மே மாதத்தில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும்.

பதினோரு மணிக்கு மேல் படிப்பதை நிறுத்திவிடுங்கள். எழும் நேரத்தை ஆறு மணியாக வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் அதை மாற்றாதீர்கள். காஃபியின் வீரியத்தில் பாதி குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், காஃபியும் டீயும் பிற்பகல் இரண்டு மணியோடு சரி. உங்கள் தேர்வு பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை, வெக்கையும் உண்ட மயக்கமும் சேரும் வேளையில் நடக்கிறது. அதனால் புதிய பாடங்களைக் காலைக்கு மாற்றிவிட்டு, ஒன்றே கால் மணிக்கு இருபது நிமிடம் கண்ணயர்ந்து எழுந்து, இரண்டு மணிக்கு மாதிரித் தாள் எழுதிப் பழகுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கம்பியில்லாத் தந்தியாளர்களை வெப்பத்தில் வைத்துச் சோதித்தபோது, கை தேர்ந்தவர்களுக்கு மற்றவர்களைவிடப் பிழை குறைவாகவே கூடியது. மேசையில் தண்ணீரோ நீர்மோரோ இருக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளானால் குடித்தது போதவில்லை.

தூக்கத்துக்காகச் சளி மாத்திரை போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய வகைச் சளி மாத்திரைகள் மறுநாள் மந்தத்தைத் தருவதோடு வியர்வையையும் குறைக்கும். வெக்கையில் பேச்சுக் குழறினாலோ மனம் குழம்பினாலோ அது படிப்புச் சோர்வு அன்று. உடனே உடலில் தண்ணீர் ஊற்றி விசிறச் சொல்லி, 108-ஐ அழைக்க வேண்டும்.

உங்கள் உணர்வை நம்ப முடியாது என்பதால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பிற்பகலில் ஒரே நேரத்தில் ஐந்து இலக்கக் கூட்டல்கள் இருபது போட்டு, பிடித்த நேரத்தையும், தலைகீழாக எழுதிய எண்களையும், விட்டுப்போன வரிகளையும் தனித்தனியாகக் குறியுங்கள். பத்து நாள் கழித்தும் வரிகள் விட்டுப்போனால் படுக்கும் நேரத்தை இன்னும் அரை மணி முன்னே கொண்டுவாருங்கள்.