துபாயில் வேலை, மன்னார்குடியில் ஓட்டு: பெயர் சேர்ப்பது எப்படி?

கேள்வி: துபாயில் 8 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்தான். சொந்த ஊர் மன்னார்குடி. வீடு வீடாகச் சரிபார்த்தபோது என் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க அண்ணன் மனு கொடுக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? இங்கிருந்தே ஓட்டுப் போட வழி உண்டா?

பதில்: அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அவர் கொடுக்க நினைப்பது பெரும்பாலும் படிவம் 6 ஆக இருக்கும். அது ஊரிலேயே குடியிருப்பவர்களுக்கானது. 8 ஆண்டுகளாகத் துபாயில் இருக்கும் உங்களை மன்னார்குடியில் வசிப்பவராகக் காட்டினால் அது பொய் உறுதிமொழி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 31-வது பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பெயரை நீக்கியதும் இதே காரணத்தால்தான். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உங்களுக்கென்று தனி வழி இருக்கிறது. அதே சட்டத்தில் 20ஏ பிரிவைச் சேர்த்து, 2011 முதல் வெளிநாடுவாழ் வாக்காளர் என்று பதிவு செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கூடப் பதியலாம்; வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவரால் முடியாது.

நிரப்ப வேண்டியது படிவம் 6ஏ. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலேயே கொடுக்கலாம், அல்லது தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். தொகுதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரி எந்தத் தொகுதிக்குள் வருகிறதோ அங்கேதான் பதிவாகும். வீடு மாறி, பாஸ்போர்ட்டில் பழைய முகவரியே இருந்தால் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பாருங்கள்.

இணைக்க வேண்டியவை: புகைப்படம், பாஸ்போர்ட்டில் உங்கள் படமும் விவரமும் உள்ள பக்கம், முகவரிப் பக்கம், விசா பக்கம். தபாலில் அனுப்பினால் எல்லா நகலிலும் நீங்களே கையெழுத்திட வேண்டும். அமீரகத்தில் இப்போது பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை என்பதால் குடியிருப்பு அனுமதியின் அச்சுப்பிரதியையும் எமிரேட்ஸ் அட்டை நகலையும் வைத்துவிடுங்கள். பழைய வாக்காளர் அட்டை கையில் இருந்தால் ஒப்படைக்க வேண்டும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்க, படிவத்தில் வழக்கம்போல இனிஷியல் போட்டால், வாக்குச்சாவடியில் இரண்டையும் ஒத்துப் பார்க்கும்போது வீண் தகராறு.

அண்ணனின் உதவி இதற்குப் பிறகுதான் தேவைப்படும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். உறவினர் யாராவது இருந்து உறுதிப்படுத்த வேண்டும். யாரும் இல்லையென்றால் ஆவணங்கள் இந்தியத் தூதரகத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்படும், அதற்கு நாளாகும். ஆட்சேபணைக்கு 7 நாள் அவகாசமும் விடுவார்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு யார் பெயரையும் சேர்க்க முடியாது. ஆகவே தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே அனுப்புங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. அங்கிருந்தே ஓட்டுப் போட வழியில்லை. தபால் ஓட்டு ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட அரசு ஊழியர்களுக்கும் உண்டு, உங்களுக்கு இல்லை. உங்களுக்குப் பதில் இன்னொருவர் ஓட்டுப் போட அனுமதிக்கும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-ல் காலாவதியானது. மின்னணு முறையில் வாக்குச்சீட்டு அனுப்பத் தயார் என்று தேர்தல் ஆணையம் 2020-ல் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் ஏறத்தாழ 1.2 லட்சம் பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 3,000 பேர்கூட இல்லை. டிக்கெட் செலவும் விடுப்பும் போட்டு வந்தால்தான் ஓட்டு என்பது உழைக்கப் போன குடிமக்களுக்குச் செய்யும் அநியாயம். மாறத்தான் வேண்டும்.

வருவதென்றால், பட்டியலில் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். உங்கள் பாகத்தின் (உங்கள் வாக்குச்சாவடிக்கான பட்டியலின்) கடைசியில் வெளிநாடுவாழ் வாக்காளர்கள் என்ற தனிப் பிரிவில் இருக்கும். பாகம் எண், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். அசல் பாஸ்போர்ட்தான் அடையாளம். நகலோ ஆதாரோ எடுபடாது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால் இந்தப் பதிவை நீக்கச் சொல்லி, அதன்பின் படிவம் 6 கொடுக்க வேண்டும். அண்ணன் கொடுக்க நினைத்த படிவம் அப்போதுதான் உங்களுக்குப் பொருந்தும்.