டெல்லிப் பேரணிக்குக் கிளம்புவோர் கேட்டவை

கே: சங்கத்திலிருந்து 20 பேர் டெல்லி போகிறோம். ஒரே டிக்கெட்டாகப் போட முடியுமா? வெயிட்டிங் லிஸ்ட் என்றால் ஏறலாமா?

ப: முடியாது. ஐஆர்சிடிசியில் ஒரு பிஎன்ஆருக்கு (ஒரு முன்பதிவு எண்ணுக்கு) 6 பேர், தட்காலில் 4 பேர். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பேரணித் தேதி அறிவித்த அன்றே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். ஆன்லைன் டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் நின்றால், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும். பிறகு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் உண்டு. அதே பிஎன்ஆரில் சிலருக்கு உறுதியாகியிருந்தால் மற்றவர்களும் ஏறலாம்; படுக்கையைப் பங்குபோட வேண்டியதுதான்.

டிசம்பர், ஜனவரி என்றால் பேரணிக்கு முந்தைய நாள் காலையில் இறங்குவதுபோல் போடுங்கள். மூடுபனியில் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். திரும்பும் டிக்கெட்டைப் பேரணி அன்று இரவுக்குப் போடுவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். சாலை அடைப்பு எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாளுக்குப் போடுங்கள்.

கே: ராம்லீலா மைதானத்துக்கு எப்படிப் போவது? இந்தி தெரியாது.

ப: புதுடெல்லி ஸ்டேஷனில் அஜ்மீரி கேட் பக்கம் வெளியே வந்தால் நடந்தே போய்விடலாம். பஹாட்கஞ்ச் பக்கம் வந்துவிட்டால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் கூலி. திருக்குறள் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் நிஜாமுதீனில் இறங்குவார்கள்; அங்கிருந்து தூரம். 2018 நவம்பர் விவசாயிகள் பேரணி இந்த மைதானத்தில் கூடித்தான் நாடாளுமன்றத் தெருவுக்குப் போனது. அந்தப் பக்கம் போகும் நாளில் பட்டேல் சௌக், ஜன்பத் மெட்ரோ ஸ்டேஷன்களை மூடிவிட வாய்ப்பு உண்டு, அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். தங்குமிடம், மைதானம் இரண்டின் பெயரையும் இந்தியில் எழுதிய சீட்டு ஆளுக்கொன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

கே: வாட்ஸ்அப் குழு இருக்கிறது, போதாதா?

ப: போதாது. 2021 ஜனவரி 26 அன்று, விவசாயிகள் போராட்டத்தின்போது, டெல்லி எல்லையில் உள்ள சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் பகுதிகளில் மொபைல் இணையத்தையே நிறுத்தினார்கள். முக்கியமான ஐந்தாறு எண்களைத் தாளில் எழுதுங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர், இரண்டு மணிக்கொரு முறை தலை எண்ணுவது, பிரிந்தால் சேர ஓரிடம். பவர் பேங்க்கை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளுங்கள்: இரவு 11 முதல் காலை 5 வரை ரயிலில் சார்ஜ் ஏறாது.

கே: போலீஸ் பிடித்தால்?

ப: பெரும்பாலும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் மாலையில் விட்டுவிடுவார்கள். பழைய 144 தடை உத்தரவு இப்போது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163ஆவது பிரிவு. அது போட்டிருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன் தலைவர்களிடம் கேளுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. வக்கீல் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போனை வாங்கிவைத்துவிட்டால் அதுதான் உதவும். இலவச சட்ட உதவிக்கு 15100. படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், இந்தியில் இருந்தால் இன்னும் கவனம்.

கே: கண்ணீர்ப் புகைக்கு எண்ணெய் தடவினால் எரியாதாமே?

ப: தப்பு. எண்ணெயும் கிரீமும் அந்தத் தூளைத் தோலிலேயே பிடித்துவைக்கும். காற்று வரும் திசை பார்த்து நகருங்கள், தேய்க்காமல் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

கே: வயதானவர்களுக்கு என்ன எடுத்துப்போவது?

ப: மாத்திரையை டாக்டர் சீட்டோடு, இரண்டு நாள் கூடுதலாக. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கையிலிருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடி வாந்திதான் வரும். ஸ்வெட்டர், மங்கி கேப், காலுறை கட்டாயம். புதுச் செருப்பு வேண்டாம். ரயிலுக்குப் புளிசாதம், பொடி தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னியை மறந்துவிடுங்கள்.

கே: பெண்களுக்குக் கழிப்பறை?

ப: தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பது சிறுநீர்த் தொற்றில் முடியும். போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தர் பக்கம் இருந்தால் பங்களா சாஹிப் குருத்வாரா நடக்கும் தூரம்தான். கழிப்பறையும் உண்டு, சாப்பாடும் உண்டு. தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கூட வரும் ஆண்கள் பீடி, சிகரெட்டை வெளியிலேயே விட்டுவிட்டு வரட்டும்.