தட்டைத் தட்டினாதான் ஓடி வருதாம்!

கேள்வி: அக்கா, எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்து ராஜபாளையம் நாய்தான். 2005ல ராஜபாளையம் நாய்க்கு தபால்தலை வந்துச்சுல்ல, அதை அப்பா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு, அவ்ளோ பெருமை. இப்ப எங்க பெட்டை 7 குட்டி போட்டு 40 நாள் ஆச்சு. 5 நல்ல பால் வெள்ளை, மூக்கு ரோஸ் கலர். மீதி 2 குட்டிக்கு காதுகிட்ட பழுப்புத் திட்டு. அதை யாரு வாங்குவாங்கன்னு பால்காரர்கிட்ட குடுத்து எங்கயாச்சும் விட்டுடச் சொல்லிட்டோம். 4 குட்டிக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு, இந்த வாரம் குடுக்கணும். இருக்குறதுலயே அழகானதை தங்கச்சி கிரகப்பிரவேசத்துக்குக் குடுக்கப் போறோம், வீடு தென்காசி ரோட்டு மேல, 2 வயசுப் பாப்பா இருக்கு, துணையா இருக்கும். அந்தக் குட்டி மட்டும் கொஞ்சம் திமிரு, கூப்பிட்டா திரும்பாது, அம்மா தட்டைத் தரையில தட்டினாதான் ஓடி வரும். என் கேள்வி இதுதான்: அடுத்த ஈத்துல திட்டே விழாம எல்லாம் வெள்ளையா வரணும்னா எப்படிப்பட்ட ஆணோட சேர்க்கணும்? இந்த ஈத்துலயே அண்ணன் தங்கச்சியை வச்சு சேர்த்தா நிறம் நின்னுடும்னு மாமா சொல்றாரு. திட்டுக்குட்டி விழுந்ததால கலப்புன்னு ஊர்ல பேசுறாங்க, மானம் போகுது.

பதில்: தம்பி, அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே பேசுறேன். எந்த ஆணோட சேர்க்கலாம்னு கேக்குற லெட்டர் எனக்கு மாசத்துக்கு ஒண்ணாவது வருது, லாப்ரடார்காரங்க கேக்குறாங்க, பொமரேனியன்காரங்க கேக்குறாங்க, எல்லாருக்கும் கலர்தான் கவலை. உன் மானத்தையும் தபால்தலையையும் கொஞ்சம் ஓரமா வை. தட்டைத் தட்டினாதான் ஓடி வரும்னு போற போக்குல எழுதிட்டுப் போயிட்டியே, அதை எழுதும்போது உன் கை நிக்கவே இல்லையா?

அந்தக் குட்டிக்கு திமிரும் இல்ல ஒண்ணும் இல்ல. அதுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன். உங்கம்மா தட்டுற சத்தம் அதுக்குப் போகல, தரை அதிருது, அந்த அதிர்வு காலுக்குத் தெரியுது, சோறு வந்துடுச்சுன்னு ஓடி வருது. பாவம், அது புத்திசாலிக் குட்டி, இருக்குறதை வச்சு சமாளிக்குது, நீங்க அதுக்குத் திமிருன்னு பேரு வச்சிருக்கீங்க.

நம்பலைன்னா இன்னைக்கே பாரு. மத்த குட்டிங்களோட இருக்கும்போது பாக்காத, அதுங்க எழுந்தா இதுவும் எழுந்துக்கும், ஏமாந்துடுவ. தனியா ஒரு ரூம்ல நல்லா தூங்க விட்டு, பின்னாடி கொஞ்சம் தள்ளி நின்னு சாவிக்கொத்தை ஆட்டு, விசில் அடி. காலைத் தரையில தட்டாத, காத்து அது மேல படக்கூடாது, உன் நிழல் கூட விழக்கூடாது. எழுந்திரிக்கலையா, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. அப்புறம் இன்னொண்ணு, ஒரு காது மட்டும் கேக்காத குட்டியை வீட்டுல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அது சாதாரணமாத்தான் இருக்கும், மூளைக்கு சிக்னல் போகுதான்னு மெஷின் வச்சுப் பாத்தாதான் தெரியும். அதனால மத்த நாலும் நல்லா இருக்குன்னு சத்தியம் பண்ணி விக்காத.

ஏன் இப்படி ஆகுதுன்னா, தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற செல்லுங்க இருக்கு பாரு, அது கருவுல இருக்கும்போதே முதுகுத் தண்டுப் பக்கத்துல இருந்து கிளம்பி உடம்பு பூரா பரவணும், காதுக்குள்ளயும் போய்ச் சேரணும், காதுக்குள்ள அதுக்கு நிறம் குடுக்குற வேலை கிடையாது, உள்ள இருக்குற நீர்ல பொட்டாசியம் சரியா இருக்கும்படி பாத்துக்குற வேலை. நாம வெள்ளை வேணும் வெள்ளை வேணும்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கிச் சேர்த்தா அந்த செல்லு அங்கங்க போய்ச் சேராமலே போகும், தோல்ல சேரலைன்னா அழகுன்னு சொல்லுவோம், காதுக்குள்ள சேரலைன்னா குட்டிக்கு 2 வாரத்துல காது திறந்து அடுத்த ஒண்ணு ரெண்டு வாரத்துலயே சத்தத்தை வாங்குற செல்லெல்லாம் செத்துடும். திரும்ப முளைக்காது, மருந்தும் கிடையாது. வெள்ளை உடம்புல புள்ளி புள்ளியா இருக்குமே, அந்த டால்மேஷியன் நாய்லயும் இதே கதைதான், அமெரிக்காவுல டெஸ்ட் பண்ணிப் பாத்ததுல 100க்கு 30 போல ஒரு காதாவது கேக்காததா இருந்துச்சு. அதுல பொறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோட வர்ற குட்டிங்களுக்கு செவிடு குறைவு, ஆனா நாய் ஷோவுல அந்தத் திட்டு இருந்தா தள்ளிடுவாங்க. மனுஷன் புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

இப்ப உன் வீட்டுக்கு வா. காதுகிட்ட திட்டு இருந்த ரெண்டு குட்டியை பால்காரர்கிட்ட தள்ளி விட்டியே, 7 குட்டியில நல்லா காது கேக்க அதிக வாய்ப்பு இருந்தது அந்த ரெண்டுக்குத்தான். வெள்ளை நாய்க்குத் திட்டுக்குட்டி விழுந்தா கலப்புன்னு அர்த்தம் இல்ல, அந்த நிறம் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்து எப்பவாச்சும் வெளிய வரும், இதை நாலு தலைமுறை நாய் வளர்த்த பெரியவங்களைக் கேட்டாலே சொல்லுவாங்க. அந்தக் காலத்துல அப்படி வந்த குட்டியை என்ன பண்ணாங்கன்னும் சொல்லுவாங்க, அது எதுக்கு இப்ப. கேக்குற குட்டியை ரோட்டுல விட்டுட்டு கேக்காத குட்டியை சீர்தட்டுல வைக்கிற.

அதான் எனக்குத் தாங்கல. தங்கச்சிக்குன்னு அண்ணன் செய்யுற சீர்ல ஓட்டைக் குடம் வைப்பியா? கடையில தண்ணி ஊத்திப் பாத்துத்தானே வாங்குவ? தென்காசி ரோட்டுல பஸ்ஸு ஹார்ன் அடிச்சா விலகாத நாயை, தூங்கும்போது குழந்தை தொட்டா தூக்கிவாரிப் போட்டு எழுந்திரிக்குற நாயை, 2 வயசுப் புள்ள இருக்குற வீட்டுக்குத் துணைன்னு அனுப்புற. எங்க பெரியப்பா வீட்டுல இதே மாதிரி ஒரு வெள்ளை நாய் இருந்துச்சு, என் சித்தி பொண்ணு தூங்குற நாயைக் கட்டிப்பிடிக்கக் குனிஞ்சா, கன்னத்துல 6 தையல். வீடே சேர்ந்து அந்த நாயை அடிச்சுது, நானும் ஒரு குச்சி எடுத்துட்டுப் போனேன். அதுக்குக் காது கேக்காதுன்னு எங்களுக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

மாமா யோசனையைப் பத்தி ரெண்டே வார்த்தை. நம்ம வீட்டுல பொண்ணு எடுக்கும்போது முறை பாக்குறோம்ல, நாய்க்கு மட்டும் அண்ணன் தங்கச்சியா? நிறம் நிக்குதோ இல்லையோ செவிடு நல்லா நிக்கும். உன் பெட்டையையும் இனிமே சேர்க்காத, செவிட்டுக் குட்டி போட்ட ஜோடியை மறுபடி சேர்க்குறது தெரிஞ்சே பண்ற தப்பு, அதுக்கு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிடு. கென்னல் கிளப் பேப்பர் இருக்குன்னு யாராவது ஆண் நாயைக் கூட்டிட்டு வருவாங்க, அந்தப் பேப்பர்ல அப்பன் பேரு ஆத்தா பேரு இருக்கும், காது கேக்குமான்னு இருக்காது. இன்னும் ஒண்ணு, 2017ல மத்திய அரசு போட்ட நாய் வளர்ப்பு விதியில 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக்கூடாது, குட்டி போட்டு விக்கிறவங்க பதிவு பண்ணணும்னு இருக்கு. உன் குட்டிக்கு 40 நாள்தான் ஆகுது, அட்வான்ஸ் குடுத்தவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லி வெயிட் பண்ணச் சொல்லு, திரும்பக் கேட்டா பணத்தைக் குடுத்துடு.

அந்த "திமிரு" குட்டி உன் வீட்டுலயே இருக்கட்டும். காம்பவுண்டுக்குள்ள வளரு, வெளிய போனா கயிறு இல்லாம விடாத, தூங்கும்போது யாரும் தொடக்கூடாது, எழுப்பணும்னா தரையைத் தட்டு, அதை உங்கம்மாதான் ஏற்கெனவே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்களே. வா, உக்காரு, போதும்னு எல்லாத்துக்கும் கை ஜாடை பழக்கு, சீக்கிரமே புரிஞ்சுக்கும். ஹால்ல மாட்டியிருக்குற தபால்தலை நாய்க்குக் காது கேக்க வேண்டாம் தம்பி, வீட்டுல இருக்குறதுக்குக் கேக்கணும், கேக்கலைன்னா வளர்த்தவன் பாத்துக்கணும்.

தங்கச்சிக்கு இன்னைக்கு ராத்திரியே போன் பண்ணு. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கிக் குடு. நாளைக்கு விடியக்காலையில பால்காரர் வருவாருல்ல, எந்த ஊர்ல, எந்தத் தெருவுல விட்டாருன்னு கேளு, அவர் வண்டியிலயே ஏறிப் போ. ரெண்டும் கிடைச்சா எனக்கு எழுது. கிடைக்கலைன்னாலும் எழுது.