நாதெள்ளாவின் பாதையும் நம்மூர் கம்ப்யூட்டரும்

கேள்வி: மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி சத்ய நாதெள்ளாவை எல்லோரும் புகழ்கிறார்கள். நன்றாக ஓடும் என் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறவில்லையே, இதுவா தலைமை?
- கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், தொண்டி

பதில்: 2014-ல் பதவிக்கு வந்தவர், நோக்கியா போன் தொழிலை வாங்கியதில் வந்த 760 கோடி டாலர் நஷ்டத்தை மறு ஆண்டே ஒப்புக்கொண்டு, கிளவுட் எனும் இணையவழிக் கம்ப்யூட்டர் சேவையில் முழு மூச்சாக இறங்கினார். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது, தொண்டி முதல் கீழக்கரை வரை சின்னக் கடைகளின் தலையில் செலவைக் கட்டியது. இதில் நான் உங்கள் பக்கம்தான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் (TPM) என்ற பாதுகாப்பு அம்சம் தேவை. புதிதாக வாங்குமுன் விண்டோஸ் விசையுடன் 'ஆர்' அழுத்தி, 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' (tpm.msc) கொடுத்துப் பாருங்கள். 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) அணைந்து கிடக்கலாம்: இன்டெல் பிராசசரில் பிடிடி (PTT), ஏஎம்டி பிராசசரில் எஃப்டிபிஎம் (fTPM) என்றிருப்பதை ஆன் செய்யுங்கள். இன்டெல் பிராசசர் 8-ம் தலைமுறைக்கு முந்தையதென்றால் பெரும்பாலும் வழியில்லை. குறுக்கு வழியில் ஏற்றினால் அப்டேட் வருமென்ற உறுதி கிடையாது.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும், 4 ஜிபி ரேமில் ஓடும். உடனே ஏற்றிவிடாமல் 8 ஜிபி பென்டிரைவிலிருந்தே இயக்கி, பிரின்டர், விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மூன்றையும் சோதியுங்கள். விரல்ரேகைக் கருவியில்தான் பெரும்பாலும் இடிக்கும். அந்த வேலைக்கு மட்டும் ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.