கழுத்துக் கறுப்பு அழுக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகளுக்கு 13 வயது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. கடலை மாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்காய் நார் என்று எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பள்ளியில் கேலி செய்கிறார்களாம்.
– வாசகி, பாலக்கோடு

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கே கிடையாது, அதனால்தான் எதற்கும் போகவில்லை; தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு இன்னும் கறுக்கும். தொட்டுப் பாருங்கள், தடித்து வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா? அக்குளிலும் அப்படி இருக்கிறதா? பெரும்பாலும் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கும்போது தோல் செல்கள் வேகமாகப் பெருகி இப்படித் தடித்துக் கறுக்கும். எடை கூடிய பிள்ளைகளிடமும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தாலும் இது அதிகம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் கேளுங்கள், நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் இது வரும். வெறும் வயிற்றில் சர்க்கரை, அதோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரண்டும் பார்த்துவிடுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவில் காட்டலாம். குளிர்பானம், பேக்கரி தின்பண்டங்களைக் குறைத்து, தினமும் ஓடியாடி விளையாட விட்டு, எடை இறங்கினால் கறுப்பும் மெதுவாக மங்கும். (கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. ஏறும், அளவு முக்கியம்.) அப்புறம், கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, வகுப்பு ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். குளிக்காததால் வந்தது இல்லை என்பதை அந்தப் பிள்ளை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

மாந்தோப்பில் வேலை. வெயில் கறுப்பு போக எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு போவேன். இப்போது கன்னத்தில் பழுப்புத் திட்டு விழுந்திருக்கிறது.
– வாசகி, காவேரிப்பட்டணம்

எலுமிச்சைதான் காரணமாக இருக்கும். அதில் இருக்கும் சில பொருள்கள் தோலில் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் எரிச்சல், சிவப்பு, சில சமயம் கொப்புளம், பிறகு பழுப்புக் கறை. அது மறைய வாரங்கள், மாதங்கள் கூட ஆகும். சாறு நேரடியாகவே தோலை எரிக்கும், அதன் அமில அளவு பிஹெச் 2 அளவில் இருக்கிறது, நம் தோலுடையது சுமார் 5 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). சமையலறையில் இருப்பதெல்லாம் சாது என்று நினைக்காதீர்கள். சாற்றை விட்டுவிட்டு, எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் தலைத்துண்டும் போதும். மாங்காய்க் காம்பு உடைக்கும்போது பால் தெறித்தாலும் புண்ணாகும், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பருவுக்குப் பற்பசை வைக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

வேண்டாம். பரு காய்ந்த மாதிரி தெரியும், சுற்றியுள்ள தோல் வெந்து கறுப்பு வடு நிற்கும்.

தொடையிடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு போட்டால் அரிப்பு உடனே நிற்கிறது, விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது.
– வாசகர், ஊத்தங்கரை

அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். அது அரிப்பை அமுக்கும், ஆனால் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. உள்ளே அது தாராளமாகப் படர்ந்துகொண்டே போகும், தோலும் மெலிந்து வரி விழும். முகம் வெளுக்க என்று பெண்கள் வாங்கிப் பூசும் பல கிரீம்களிலும் இதே ஸ்டீராய்டுதான், பூசப் பூச முகத்தில் முடி முளைக்கும், விட்டதும் முகம் சிவந்து எரியும். 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது, இருந்தும் கேட்டால் கிடைக்கிறது, இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், துண்டைத் தனித்தனியாக வையுங்கள், உள்ளாடையைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்தால், அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல் அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.